கொல்லத்தின் ஆயரும் தாணேயின் குருவும்

இந்தியாவின் முதல் கத்தோலிக்க ஆயர் யார் என்ற வினாவுக்குத் திருச்சபை வரலாற்று நூல்களும் விழா மலர்களும் கலைக்களஞ்சியக் குறிப்புகளும் தயக்கமின்றித் தரும் விடை ஒன்றே. பிரான்சின் தென்பகுதியைச் சேர்ந்த சாமிநாதர் சபைத் துறவி யோர்தானுஸ் கத்தலானி 1329-இல் கொல்லம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார், கொல்லத்துக்குத் திரும்பி வந்து தம் மந்தையை ஆண்டார், 1336-இல் மறைசாட்சியாக உயிர்நீத்தார் என்பது அந்த விடை. இம்மூன்று கூற்றுகளில் முதலாவது ஆவணத்தால் நிறுவப்பட்டது, இரண்டாவது ஊகம், மூன்றாவது பிற்கால மரபு. மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு சொல்லும் வழக்கம் சிறிய கவனக்குறைவாகத் தோன்றலாம். ஆனால் அது ஒரு மனிதரின் உண்மையான வாழ்க்கையை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பதவியை உட்காரவைக்கிறது. அவருக்கு முன்பே இம்மண்ணில் வேரூன்றியிருந்த ஒரு சமூகத்தையும் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. ஆகவே அந்த விடையை மறுப்பது கடமையாகிறது.

ஆவணங்கள் சொல்வது இது. பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய இல்கான்களின் தலைநகரான சுல்தானியாவில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் 1318-இல் ஒரு பேராயத்தை நிறுவி, கீழைநாடுகளின் பெரும்பகுதியை அதன் பொறுப்பில் விட்டார். 1329 ஆகஸ்டு 9 அன்று, அந்நாளில் திருத்தந்தையரின் இருப்பிடமாக விளங்கிய அவிஞ்ஞோன் நகரிலிருந்து பிறந்த ஆணை மடல் ஒன்று, கொல்லத்தைச் சுல்தானியாவுக்குக் கீழ்ப்பட்ட மறைமாவட்டமாக அறிவித்தது. அதே மாதம் 21-ஆம் நாள் மற்றொரு மடல் யோர்தானுஸை அதன் ஆயராக நியமித்தது. சுல்தானியாவின் புதிய பேராயருக்கு உரிய பாலியத்தை, அதாவது பேராயர்கள் தம் அதிகாரத்தின் அடையாளமாகத் தோளில் அணியும் கம்பளித் துகிலை, கொண்டுபோய்ச் சேர்க்கும் பணி 1330-இல் அவரிடமும் சமர்க்கந்துக்கு நியமிக்கப்பட்ட ஆயர் தோமாவிடமும் ஒப்படைக்கப்பட்டது. கொல்லத்து நஸ்ரானிகளுக்கு, அதாவது புனித தோமாவின் வழிவந்தவர்கள் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட கிறித்தவர்களுக்கு, புதிய ஆயரை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டும் மடல் ஒன்றும் அதே ஆண்டில் எழுதப்பட்டது. யோர்தானுஸின் வாழ்க்கையில் ஐயத்துக்கு இடமில்லாத கடைசி ஆண்டு இதுவே. இதற்குப் பின் கொல்லத்திலிருந்து அவர் எழுதிய மடலோ, அவர் செய்த குருப்பட்டமளிப்போ, அவர் கட்டளையிட்ட ஆலயமோ, அவர் மறைவுக்குப் பின் நியமிக்கப்பட்ட அடுத்த ஆயரோ ஆவணங்களில் தலைகாட்டவில்லை. அவருடைய நூலை 1863-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஹென்றி யூல், அவர் தம் ஆயர்பீடத்தை அடைந்தாரா என்பதற்கே சான்றில்லை என்பதை அப்போதே உணர்ந்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த எச்சரிக்கை விழா மலர்களை எட்டவில்லை.

ஒருவர் ஆயராவதில் மூன்று நிலைகள் உண்டு என்பதைத் திருச்சபைச் சட்டம் அன்றும் இன்றும் தெளிவாகவே வைத்திருக்கிறது. தேர்வு அல்லது நியமனம் முதல் நிலை. அந்நிலையில் இருப்பவர் தேர்வுநிலை ஆயர் எனப்படுவார். தலையில் கை வைத்துத் தைலம் பூசி ஆயர்நிலைத் திருப்பொழிவு பெறுவது இரண்டாவது. தமக்குரிய மறைமாவட்டத்துக்கு நேரில் சென்று ஆட்சிப் பொறுப்பை ஏற்பது மூன்றாவது. யோர்தானுஸ் முதலிரண்டு நிலைகளையும் கடந்தவர் என்பதை ஏற்பதில் தடையில்லை; திருத்தந்தையின் மடல்கள் அவரை ஆயராகவே குறிப்பிடுகின்றன, அவருடைய நூலின் முகப்பும் கொல்லத்தின் ஆயர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறது. மூன்றாவது நிலைக்கு மட்டுமே ஆதாரம் இல்லை. வழக்கிலுள்ள வரலாறோ அந்த மூன்றாவது நிலையின் மேல்தான் முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் கையில் வந்த அன்றே சரக்குக் கப்பலேறிக் கரை சேர்ந்துவிட்டதாக திருப்பூரை அடுத்த நல்லூரின் எந்தப் பின்னலாடை நிறுவனமும் கணக்கெழுதத் துணியாது. வரலாற்றாசிரியர் மட்டும் அந்தத் துணிச்சலைக் காட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது.

பட்டமும் இருப்பும் வெவ்வேறு என்பதைக் கொங்குநாட்டுக் கத்தோலிக்கர் தம் சொந்த வரலாற்றிலிருந்தே அறிவர். நல்லூருக்கு மேற்கே, கோவைக்குச் செல்லும் வழியில் உள்ள கருமத்தம்பட்டி, கோவை மறைப்பரப்புப் பகுதியின் தொடக்ககாலத் தலைமையிடமாக விளங்கிய ஊர். அப்பகுதியின் முதல் தலைவரான மரியோன் பிரெசிலாக் 1846-இல் ஆயராகத் திருப்பொழிவு பெற்றபோது அவருக்குத் தரப்பட்ட பட்டம் கோவையின் ஆயர் என்பதன்று. சின்ன ஆசியாவில் இருந்து மறைந்துபோன பழைய ஆயர்பீடமான புரூசாவின் ஆயர் என்பதே அது. இவ்வாறு மந்தையற்ற பழம்பீடங்களின் பெயரால் நியமிக்கப்படுவோரைப் பட்டநிலை ஆயர் என்பது வழக்கம். பிரெசிலாக் புரூசாவை ஆண்டார் என்று இன்றுவரை ஒருவரும் எழுதியதில்லை. ஏனெனில் அவர் எங்கே வாழ்ந்தார், எப்போது பதவி விலகினார், 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் எப்படி மறைந்தார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கின்றன. எழுத்து இல்லாத இடத்தில் பட்டத்தைக் கொண்டே இருப்பை நிறுவிவிடும் பழக்கம் கொல்லத்துக்கு மட்டும் எப்படி ஏற்புடையதாகும்?

நியமனம் பெற்றவர் போய்ச் சேர்ந்திருக்கத்தானே வேண்டும், சேரவில்லை என்று சொல்பவரல்லவா மெய்ப்பிக்க வேண்டும் என்ற எதிர்வாதம் எழலாம். பதினான்காம் நூற்றாண்டின் கீழ்த்திசைப் பயணங்களை அறிந்தவர் இதை ஏற்க முடியாது. பிரான்சிஸ்கன் துறவி மோந்தெகொர்வினோ யோவான், சீனத்துக்குச் செல்லும் வழியில் 1291-ஐ ஒட்டிய காலத்தில் பதின்மூன்று மாதங்கள் சோழமண்டலக் கரையில் புனித தோமாவின் ஆலயம் இருந்த பகுதியில் தங்கி, ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்தவர். அவருடன் வந்த சாமிநாதர் சபைத் துறவி பிஸ்தோயா நிக்கோலாஸ் அங்கேயே இறந்து அந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். யோவான் பின்னர் இன்றைய பெய்ஜிங்கான கான்பாலிக்கில் பணியாற்றி வந்தபோது, அவரைப் பேராயராகத் திருப்பொழிவு செய்வதற்காகத் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து 1307-இல் ஏழு துறவிகளை ஆயர்களாக்கி அனுப்பினார். அவர்களுள் மூவரே சீனத்தை அடைந்தனர். ஒருவர் புறப்பட்ட பயணத்தை முடிக்கவில்லை; மற்ற மூவர் வழியில் இந்திய மண்ணின் வெப்பம் தாளாமல் மாண்டனர். யோவானின் மறைவுக்குப் பின் 1333-இல் அதே பீடத்துக்கு நியமிக்கப்பட்ட நிக்கோலாஸ் என்பவர் கான்பாலிக்கை அடைந்ததற்கும் தடயம் இல்லை. நியமனம் பெற்ற ஆயர்கள் போய்ச் சேராமல் போவதே அந்த நூற்றாண்டில் பெருவழக்காக இருக்கும்போது, போய்ச் சேர்ந்தார் என்று சொல்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர். யோர்தானுஸ் செல்லவேண்டியிருந்த பாதையும் பாதுகாப்பானதன்று. சுல்தானியா, ஹோர்முஸ் வழியாகக் கடலில் இறங்கும் அந்தப் பாதை இல்கான்களின் அமைதியான ஆட்சியை நம்பியிருந்தது. 1335-இல் கடைசி வலிமையான இல்கான் அபூ சையத் வாரிசின்றி இறந்ததும் அந்த அரசு சிதறியது.

வழக்கிலுள்ள கருத்தின் மிக வலுவான தூண் மற்றொரு பிரான்சிஸ்கனின் நூலில் இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. திருத்தந்தையின் தூதராகச் சீனம் சென்று திரும்பிய மரிஞ்ஞொல்லி யோவான், 1340-களின் பிற்பகுதியில் ஓராண்டுக்கும் மேலாகக் கொல்லத்தில் தங்கினார். அங்கே லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த புனித ஜார்ஜ் ஆலயம் ஒன்று இருந்ததாகவும், அதற்குத் தாம் ஓவியங்கள் தீட்டி அழகு செய்ததாகவும் அவர் எழுதுகிறார். 1329-இல் ஆயர் நியமனம், இருபது ஆண்டுக்குள் லத்தீன் ஆலயம். இடையில் ஆயர் வந்திருந்தால் கணக்கு நேராகிவிடுகிறது என்பது அக்கருத்தினரின் வாதம்.

ஆனால் இந்த ஆலயத்தை எழுப்ப 1330-க்குப் பிறகு ஓர் ஆயர் வந்திருக்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை. யோர்தானுஸின் நூல் மலபாரை நன்கு அறிந்தவரின் நூல். அந்த அறிவு 1329-க்கு முந்தைய ஆண்டுகளில் பெற்றது. ஆயராவதற்கு முன், தனியொரு குருவாக அலைந்த ஆண்டுகளில் அவர் கொல்லத்தில் ஒரு சிறு மந்தையைச் சேர்த்து ஓர் ஆலயத்தையும் நிறுவினார் என்பது, சான்றில்லாத ஒரு திரும்பிவருகையைக் கற்பிப்பதைவிட மிக எளிய விளக்கம். திருத்தந்தை எத்தனையோ துறைமுகங்களை விட்டுக் கொல்லத்தை மறைமாவட்டமாகத் தேர்ந்ததற்கும் அதுவே பொருத்தமான காரணம். மேலும் மரிஞ்ஞொல்லி வாயடக்கமான எழுத்தாளர் அல்லர். மிளகுத் தோட்டங்களையும், குமரி முனையை ஒட்டித் தாம் நாட்டிய கல்தூணையும், தமக்குக் கிடைத்த காணிக்கைகளின் கணக்கையும் விரிவாக எழுதிய அவர், அதே ஆலயத்தில் அமர்ந்து ஆண்ட ஆயர் ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்திருந்தால் அவருடைய பெயரை ஒரு வரியிலாவது குறித்திருப்பார். திருத்தந்தையின் தூதர் ஒருவருக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி எது இருந்திருக்கும்? அவர் யோர்தானுஸைக் குறிக்கவே இல்லை.

அதே மரிஞ்ஞொல்லியின் நூலில் உள்ள வேறொரு செய்திதான் இந்த வழக்கின் மையத்துக்கு இட்டுச் செல்கிறது. கொல்லத்துப் பொதுத் துலாக்கோல் தோமா கிறித்தவர்களின் கையில் இருந்தது. அந்த நிறைவரியிலிருந்தே தமக்கு மாதந்தோறும் நூறு பொற்பணமும் புறப்படும்போது ஆயிரமும் கிடைத்தன என்கிறார் அவர். இந்தத் துலாக்கோல் உரிமை அன்று புதிதாக முளைத்ததன்று. 849-இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், சேரமன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகள், வரிகளையும் தொழிற்குடிகளையும் தந்ததோடு நிறைகோல், அளவை ஆகியவற்றைக் காக்கும் உரிமையையும் அந்தப் பள்ளிக்கே தந்தன. அவற்றில் பாரசீகப் பஹ்லவி, கூஃபி அரபு, எபிரேயம் ஆகிய எழுத்துகளில் சாட்சிக் கையொப்பங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகள் ஒரு துறைமுகத்தின் நிறைகோலைக் கையில் வைத்திருந்த சமூகத்தின் நடுவே, அவிஞ்ஞோனில் எழுதிய மடல் ஒன்று வந்து சேருவதற்கு முன் ஆயர் இல்லை, மறைமாவட்டம் இல்லை, திருச்சபையே இல்லை என்ற தோற்றத்தை "இந்தியாவின் முதல் ஆயர்" என்ற சொற்றொடர் ஏற்படுத்துகிறது. அதைப் பொய்யாக்க ஒரே ஏடு போதும். 1301-இல் கொடுங்கல்லூரில் சக்கரியா என்ற இளைஞர் படியெடுத்த சிரியாக் ஏடு ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. கீழைத் திருச்சபையின் முதுபெரும் தலைவர் மூன்றாம் யஹபலாகாவோடு, இந்தியக் கிறித்தவர்களின் பெருநகர ஆயராக மார் யாக்கோபு என்பவரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவிஞ்ஞோனின் ஆணைக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே மலபாரில் பெயரறிந்த ஓர் ஆயர் இருந்தார். யோர்தானுஸுக்கு உரியது "லத்தீன் முறையின் முதல் ஆயராக நியமிக்கப்பட்டவர்" என்ற அடையாளம். அது குறைவான அடையாளம் அல்ல. ஆனால் அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது மார் யாக்கோபுக்கும் அவர் மந்தைக்கும் இழைக்கும் அநீதி.

யோர்தானுஸே இந்த அநீதியில் சிறிது பங்காளி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சிதறிக் கிடந்த தோமா கிறித்தவர்களைத் திருமுழுக்கு இல்லாதவர்கள், தோமாவையே கிறித்துவாகக் கொள்பவர்கள் என்று தம் நூலில் அவர் எழுதியது, ஐரோப்பியத் துறவிகள் கீழைத் திருச்சபையினரைப் பார்த்த அந்தக் காலத்துக் கண்ணோட்டத்தின் விளைவு. ஆனால் அவருக்கு வீடு தந்தவர்களும் மொழி பெயர்த்தவர்களும் துணை நின்றவர்களும் அந்தக் கிறித்தவர்களே என்பதை அவருடைய சொந்த மடல்களே காட்டுகின்றன.

அந்த மடல்களில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது; வழக்கிலுள்ள வரலாறு அவற்றைத் தாண்டிக்கொண்டு பதவிக்கு ஓடிவிடுகிறது. 1321-இல் அவர் ஹோர்முஸிலிருந்து நான்கு பிரான்சிஸ்கன்களோடு கொல்லம் நோக்கிக் கப்பலேறினார். தொலெந்தினோ தோமா, பதுவா யாக்கோபு, சியன்னா பேதுரு, மொழி அறிந்த துணைவராக வந்த திஃப்லிஸ் தெமேத்ரியு ஆகியோர் அந்நால்வர். கப்பல் கொல்லத்தை அடையாமல் இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தாணேயில் கரையேறியது. பாரசீக மொழி அறிந்தவர் என்பதால் அவ்வூர்க் கிறித்தவர்கள் யோர்தானுஸை குஜராத்துப் பக்கம் அனுப்பினர். அவர் சென்றிருந்த வேளையில், தங்கியிருந்த வீட்டில் எழுந்த குடும்பச் சண்டை ஒன்று காஜியின் முன் செல்ல, சாட்சி சொல்ல வந்த துறவிகள் சமய வினாக்களுக்குத் தந்த விடைகளே அவர்களுக்குச் சாவுத் தீர்ப்பாயின. 1321 ஏப்ரலில் நால்வரும் கொல்லப்பட்டனர். செய்தி அறிந்து திரும்பிய யோர்தானுஸ், ஜெனோவா நாட்டு இளைஞர் ஒருவரின் உதவியோடு அவர்களுடைய உடல்களைச் சோபாராவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த ஆலயத்தில் அடக்கம் செய்தார். அந்த எலும்புகளைப் பின்னர்ப் பொர்தெநோன் ஒதோரிக்கு என்ற பிரான்சிஸ்கன் எடுத்துச் சென்று சீனத்தில் சேர்த்தார். தொலெந்தினோ தோமாவுக்குத் திருச்சபை 1894-இல் அருளாளர் பட்டம் அளித்தது.

இதற்குப் பின் அவர் தனித்துவிடப்பட்ட ஒரே குரு. 1321 அக்டோபர் 12 அன்று குஜராத்தின் கோகாவிலிருந்து, பாரசீகத்தில் இருந்த தம் சபையினருக்கும் பிரான்சிஸ்கன்களுக்கும் எழுதிய மடலில், பரூச்சில் தொண்ணூறு பேருக்கும், பின்னர் மேலும் இருபதுக்கு மேற்பட்டோருக்கும், தாணேக்கும் சோபாராவுக்கும் இடையில் முப்பத்தைந்து பேருக்கும் திருமுழுக்கு அளித்ததைக் கணக்குப்போல் குறிக்கிறார். அடுத்த மடல் தாணேயிலிருந்து எழுதியது. இரண்டரை ஆண்டுகள் துணையின்றி அலைந்ததையும், கடற்கொள்ளையரிடம் சிக்கியதையும், சிறைப்பட்டதையும், சபை உடையை இழந்து வெறும் சட்டையோடு திரிந்ததையும், பசியையும் நோயையும் அது எந்த அலங்காரமுமின்றிச் சொல்கிறது. துணைக்கு ஆள் அனுப்புங்கள் என்பதே இரு மடல்களின் மன்றாட்டு. இந்த எண்களும் இந்த மன்றாட்டும் ஆயராட்சி என்ற கற்பனையைவிட எவ்வளவோ கனமானவை. ஆயராட்சியைப் பாடும் மலர்கள் பெரும்பாலும் இவற்றை இரண்டொரு வரியில் கடந்துபோவது வருந்தத்தக்கது.

1329-ஐ ஒட்டி ஐரோப்பாவில் அவர் எழுதிய நூல், "வியத்தகு செய்திகளின் விளக்கம்" என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்புடையது; கிறிஸ்தீன் கத்ரா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 2005-இல் அதைப் புதிதாகப் பதிப்பித்து விரிவாக ஆராய்ந்தார். மாவையும் பலாவையும் தென்னையையும் அவற்றின் ஊர்ப்பெயர்களை ஒட்டியே அதில் எழுதியவர், மலபார் அரசர்களின் சொத்தும் பட்டமும் மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்கே போகும் மருமக்கள் தாயத்தையும், பார்சிகள் இறந்தோரைத் திறந்த கோபுரங்களில் வைக்கும் முறையையும் பதிந்தார். மிளகைத் தீயிலிட்டு வாட்டுவதால்தான் அது கறுக்கிறது என்று ஐரோப்பிய ஆசிரியர்கள் நெடுங்காலமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்ததைப் பொய் என்று கண்டித்தார். கண்ணால் கண்டதே அவருக்கு ஆதாரம். இந்நாட்டு மக்களின் உணவுத் தூய்மையையும் வாய்மையையும் நீதியையும், அவரவர் உரிமையை முன்னோர் வழியே காக்கும் பண்பையும் அவர் மனமாரப் புகழ்ந்தார். ஏறத்தாழ முந்நூறு பேருக்குத் தாம் திருமுழுக்கு அளித்ததாகக் கூறும் அந்நூல், இருநூறு முந்நூறு நல்ல துறவிகள் கிடைத்தால் ஆண்டுக்குப் பதினாயிரம் பேர் மனம் திரும்புவர் என்கிறது. அந்த மதிப்பீடு மிகையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஆள்வதற்கு ஒரு பீடம் கேட்பவரின் குரல் அன்று, கூட உழைக்க ஆள் கேட்பவரின் குரல்.

எஞ்சியிருப்பது 1336 மறைசாட்சியம். யோர்தானுஸ் மும்பைப் பகுதியில் கல்லெறியப்பட்டு இறந்தார் என்ற மரபுக்குச் சமகாலச் சான்று ஏதும் இல்லை. அவருடைய மறைவை அறிந்து மற்றொருவரை நியமிக்கும் மடலும் அவிஞ்ஞோனிலிருந்து பிறக்கவில்லை. ஒரு மறைசாட்சிக்கு வணக்கம் எழாமல் அரை நூற்றாண்டு கடப்பதே அரிது. அதற்கு மாறாக, தாணே நால்வரின் சாவு பத்து ஆண்டுகளுக்குள் மடல்களிலும் ஒதோரிக்கின் நூலிலும் பதிவாகி, ஐரோப்பிய மடங்களில் வாசிக்கப்பட்டது. அந்தச் சாவை மடல்களில் பதிந்தவருக்கே, சாட்சியில்லாத ஒரு சாவைப் பின்வந்தோர் சூட்டியிருப்பது, நால்வரின் கதை நாளடைவில் அவர்மேல் கசிந்ததன் விளைவாகவே தோன்றுகிறது. அவர்மேல் உள்ள அன்பினால்தான் இது நடந்தது என்று சொல்லப்படலாம். ஆனால் அன்பு வரலாற்றுக்கு ஆதாரமாகாது. பசியும் சிறையும் தனிமையும் தாங்கிய ஒரு குருவுக்கு அவர் படாத பாட்டைச் சேர்த்துத்தான் பெருமை தேட வேண்டும் என்பது, அவர் உண்மையில் பட்டதைப் போதாது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கொல்லம் மறைமாவட்டம் இன்றைய வடிவில் மீண்டும் நிறுவப்பட்டது 1886-இல். கோவை மறைமாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். இடைப்பட்ட ஐந்தரை நூற்றாண்டுகளில் இந்தியக் கத்தோலிக்க ஆட்சியமைப்பு கோவா, கொச்சி, மயிலாப்பூர் எனப் போர்த்துக்கீசியர் வழியே வேறு தடத்தில் வளர்ந்ததால், 1329-இன் ஆணைக்கும் 1886-இன் மறைமாவட்டத்துக்கும் பெயர் ஒன்றைத் தவிரத் தொடர்ச்சி எதுவும் இல்லை. ஆயர்களின் பட்டியல்களில் யோர்தானுஸுக்கு நேரே பொதுவாக அச்சிடப்படும் "1329 – 1336" என்ற ஆட்சிக்காலம் நீக்கப்பட்டு, "1329-இல் நியமனம்" என்ற சொற்கள் மட்டும் நிற்க வேண்டும். அவருக்கு முன்னே, 1301-இன் ஏட்டைச் சான்றாக்கி, மார் யாக்கோபின் பெயர் அச்சேற வேண்டும்.